பெரியப்பா கையில் ஒரு கணக்குப்பிள்ளை!

திருவையாறு பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு விஷயத்தில் சமரசமே கிடையாது. ஒன்று, பொன்னி அரிசிச் சாதம். இன்னொன்று, அதற்கு மேல் இன்னொரு கரண்டி பொன்னி அரிசிச் சாதம். சர்க்கரை வந்ததும் ஊர்ப்பெருமையான அசோகாவைக்கூட விட்டுவிட்டார். சோற்றை மட்டும் விடவில்லை. "விளைவிக்கிறவன் திங்காம வேற யாருடா திங்கிறது?"

பல வருஷமாக இன்சுலின். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் 7 காட்டியது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் ராத்திரியில் பனியன் நனைய வியர்க்கும். ஆற்றங்கரைப் புழுக்கம் என்று பெரியம்மா ஃபேனைப் பக்கத்தில் இழுத்து வைப்பார்.

வியர்வை விஷயத்தைக் கேட்ட டாக்டர், மேல்கையில் வட்டமாக ஒரு வில்லையை ஒட்டி அனுப்பினார். சி.ஜி.எம். என்கிற சென்சார். அதிலுள்ள மெல்லிய இழை தோலுக்குள் அரை சென்டிமீட்டர் இறங்கி, செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் நிற்கும். இழையில் உள்ள என்சைம் குளுக்கோஸோடு வினைபுரிய, துளி மின்சாரம் பிறக்கும். அதுதான் எண்ணாக மாறுகிறது. அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் 1962-ல் வழிகாட்டிய யோசனை! கால் மணிக்கு ஒரு பதிவு. 14 நாளில் 1,344.

பி.காம். படித்த எனக்கு இப்படித்தான் புரிந்தது: ஹெச்.பி.ஏ.1.சி. என்பது பேலன்ஸ் ஷீட். விரல் நுனி டெஸ்ட், நினைத்தபோது கல்லாவைத் திறந்து பார்ப்பது. இதுவோ அன்றாடச் சிட்டை. ஒரு வரவும் தப்பாது.

சிட்டை என்ன சொன்னது? மதியச் சாப்பாட்டுக்குப் பின் 270. ராத்திரி மூன்று மணிக்கு 56! இரண்டையும் கூட்டி வகுத்தால் 163. லட்சணமான சராசரிதான். ஆனால் 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், மயக்கம்... மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. புழுக்கம் இல்லை சார் அது!

கை அழுந்தப் படுத்தாலும் சென்சார் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதனால் மறுநாள் ராத்திரி அதே நேரத்தில் பெரியம்மா விரலில் குத்திப் பார்த்தார். 61. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். விடிந்ததும் டாக்டர் ராத்திரி இன்சுலினைக் குறைத்தார். மதியம் ஒரு கரண்டி சாதம் போய், அந்த இடத்தில் காய் வந்தது. சாப்பிட்டதும் படித்துறை வரை நடை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு. அதற்காக நாற்காலி தேய்க்கும் நாமெல்லாம் சென்சார் ஒட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நமக்கு முதலில் சாதாரண லேப் டெஸ்ட் போதும். இன்சுலின் போடுகிறவர்களுக்குத்தான் இது முக்கியம். வீட்டில் அப்படி யாராவது ராத்திரியில் வியர்த்தால், ஃபேனோடு நிறுத்திவிடாதீர்கள்.

பெரியப்பா முதல் நாளே முறைத்தார். "அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை நெல்லு மூட்டையை எண்ணுவான். இவன் என் சோத்தை எண்ணுறானே!"

பதினாலாம் நாள் வில்லையைக் கழற்றியபோது பெரியம்மாதான் கேட்டார்: "டாக்டர், இவனையே நிரந்தரமா வேலைக்கு வச்சுக்கலாமா?"