லாஸ் வேகாஸில் ‘ஓசி’ ரூம்: கேசினோவை நாம் ஏமாற்றுகிறோமா, அது நம்மையா?

அறை வாடகை கிடையாது. இரவுச் சாப்பாடு இலவசம். மேஜையில் உட்கார்ந்து ஆடும் வரை குடிக்கும் மதுவுக்கும் பில் வராது. லாங் வீக்கெண்டில் லாஸ் வேகாஸ் போய்வந்த அமெரிக்க நண்பர் யாராவது இருந்தால் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். கூடவே ஒரு யோசனையும் வரும்: “சும்மா ஆடுற மாதிரி காட்டிட்டு, சலுகையை மட்டும் அள்ளிட்டு வந்துட்டா என்ன தப்பு?”

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இதற்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. மாக்ஸ் ரூபின் எழுதிய ‘காம்ப் சிட்டி’ 1994இல் வெளியானது. கேசினோ சலுகைகளைக் கறப்பது எப்படி என்பதுதான் அதன் மொத்த விஷயமே. அப்படிச் செய்வது சரியா, தவறா? முதலில் கணக்கைப் பார்ப்போம்.

‘காம்ப்’ என்றால் என்ன?

கேசினோ தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் இலவச அறை, சாப்பாடு, ஷோ டிக்கெட் போன்றவைதான் ‘காம்ப்’. உறுப்பினர் கார்டை ஸ்லாட் மெஷினில் செருகினால், அல்லது மேஜையில் டீலரிடம் கொடுத்தால், நீங்கள் எவ்வளவு நேரம், எவ்வளவு பந்தயம் கட்டி ஆடுகிறீர்கள் என்பது பதிவாகும்.

நீங்கள் உண்மையில் ஜெயித்தீர்களா, தோற்றீர்களா என்பது இங்கே பெரிய விஷயமில்லை. நீங்கள் சராசரியாக எவ்வளவு தோற்பீர்கள் என்பதைத்தான் கேசினோ கணக்குப் போடும். சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், கேசினோவுக்குச் சாதகமான சதவீதம். இந்த நான்கையும் பெருக்கினால் வருவதுதான் அந்தத் தொகை.

உதாரணத்துக்கு, அமெரிக்க ரவுலட் சக்கரத்தில் 38 கட்டங்கள். கேசினோவின் சாதகம் 5.26 சதவீதம். 25 டாலர் பந்தயம், மணிக்கு 40 சுற்று, 4 மணி நேரம் என்றால் மொத்தம் 4,000 டாலர் பந்தயம் கட்டியிருப்பீர்கள். எதிர்பார்க்கும் இழப்பு சுமார் 210 டாலர். அதில் 30 சதவீதத்தைச் சலுகையாகத் திருப்பித் தருவதாக வைத்துக்கொண்டால் 63 டாலர். ஆக, ‘இலவச’ ரூமுக்கு நீங்கள் கொடுத்த விலை 210 டாலர்!

அப்படியென்றால் ‘கறப்பது’ எப்படி?

ஓட்டை இருப்பது பிளாக்ஜாக்கில். எந்தச் சீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணையை மனப்பாடம் செய்து பிசகாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேஜையில் கேசினோவின் சாதகம் அரை சதவீதம் அளவுக்குக் குறையும். ஆனால் சாதாரண ஆட்டக்காரர்கள் தப்புத் தப்பாக ஆடுவார்கள் என்பதால், கேசினோ அதைவிட அதிகமாகக் கணக்கு வைத்துச் சலுகை தரலாம்.

25 டாலர், மணிக்கு 70 ஆட்டம், 4 மணி நேரம்: மொத்தப் பந்தயம் 7,000 டாலர். உங்கள் நிஜமான எதிர்பார்ப்பு இழப்பு 35 டாலர். கேசினோ 1.5 சதவீதம் என்று வைத்தால் அதன் கணக்கில் 105 டாலர். அதில் 30 சதவீதம் என்றால் சுமார் 31 டாலர் சலுகை. கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

இதற்கு மேலும் சில தந்திரங்கள் உண்டு. மேற்பார்வையாளர் பார்க்கும்போது பெரிய பந்தயம், அவர் நகர்ந்ததும் சின்னப் பந்தயம். கூட்டமான மேஜையில் உட்கார்ந்தால் மணிக்கு வரும் ஆட்டங்கள் குறையும். அடிக்கடி பாத்ரூம் போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லைக்கோடு எங்கே?

இதை மூன்றாகப் பிரிக்கலாம்.

கொடுப்பதை வாங்கிக்கொள்வது முதல் வகை. கேசினோ தானாகவே அனுப்பும் ஆஃபரில் தங்கிவிட்டு, சூதாடாமலேயே திரும்புவதும் இதில் அடங்கும். இதில் தப்பே இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடிப் பொருளை மட்டும் வாங்கிவிட்டு வருவது மாதிரிதான்.

நடிப்பது இரண்டாவது வகை. மேலே சொன்ன பந்தயத் தந்திரம் இதில் வரும். சட்டப்படி குற்றமில்லை, ஆனால் கேசினோ கண்டுபிடித்தால் சலுகையை நிறுத்தலாம். நெவாடாவில் உங்களை வெளியே போகச் சொல்லவும் அதற்கு உரிமை உண்டு.

நேரடி ஏமாற்று மூன்றாவது. முடிவு தெரிந்த பிறகு பந்தயத்தை மாற்றுவதும், கருவி வைத்துச் சீட்டைக் கணிப்பதும் நெவாடாவில் குற்றம்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கோடு எவ்வளவு மெல்லியது என்பதை ஒரு வழக்கு காட்டியது. போக்கர் வீரர் பில் ஐவி 2012இல் லண்டன் கேசினோ ஒன்றில் 77 லட்சம் பவுண்ட் ஜெயித்தார். அவர் சீட்டைத் தொடவே இல்லை. கூட வந்தவர், ராசி பார்ப்பதுபோல் சொல்லி டீலரைச் சில சீட்டுகளைத் திருப்பி வைக்கச் செய்தார். சீட்டின் பின்பக்க வடிவத்தில் இருந்த சிறு வித்தியாசத்தால் எது நல்ல சீட்டு என்பது தெரிந்துவிட்டது. இது ஏமாற்றுதான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது.

மாறாக, டான் ஜான்சன் என்பவர் தோற்றால் 20 சதவீதம் தள்ளுபடி வேண்டும் என்று வெளிப்படையாகவே பேரம் பேசினார். அட்லாண்டிக் சிட்டியின் மூன்று கேசினோக்களில் சுமார் 1.5 கோடி டாலர் ஜெயித்தார். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. கேசினோக்கள் தெரிந்தே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது.

நஷ்டம் யாருக்கு?

“பணக்கார கேசினோவுக்குத்தானே நஷ்டம்” என்பது வழக்கமான வாதம். பாதி சரி. ஆனால் உங்கள் ஓசி ரூமுக்கான பணம் கேசினோ முதலாளியின் பையிலிருந்து வருவதில்லை. தோற்கிறவர்களிடமிருந்து வருகிறது. அவர்களில் நிறுத்த முடியாமல் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

டெரன்ஸ் வாட்டனாபே என்ற தொழிலதிபர் 2007இல் லாஸ் வேகாஸில் 10 கோடி டாலருக்கும் மேல் தோற்றார். அவரைத் தொடர்ந்து ஆட வைத்ததில் தனி அறைகள், பரிசுகள், தள்ளுபடிகள் எல்லாவற்றுக்கும் பங்கு இருந்தது. உங்களுக்கு ஒரு பஃபே கூப்பன் தரும் அதே ஏற்பாடுதான், அவருக்கு மாளிகை போன்ற அறையைத் தந்தது.

இன்னொருவரும் இருக்கிறார்: டீலர், மது கொண்டுவரும் பணிப்பெண். இவர்களின் வருமானத்தில் டிப்ஸ் முக்கியமான பகுதி. இலவசமாக நாலு கிளாஸ் குடித்துவிட்டு ஒரு டாலர்கூட வைக்காமல் எழுந்து போனால், நீங்கள் கறந்தது கேசினோவிடம் அல்ல.

நமக்கு என்ன ஆபத்து?

35 டாலர் இழப்பு என்பது சராசரி மட்டுமே. மேலே சொன்ன அதே 4 மணி நேர ஆட்டத்தில், ஏறத்தாழ ஆறில் ஒரு முறை 500 டாலருக்கு மேல் போகும். அப்போது “விட்டதைப் பிடிச்சுட்டுப் போயிடலாம்” என்று தோன்றும். கணக்கை விட்டு ஆட்டத்துக்குள் விழுவது அந்த இடத்தில்தான். கையில் இலவச மது வேறு. சலுகை எதற்காகத் தரப்படுகிறதோ அந்த வேலையை அது செய்துவிட்டது.

ஆகவே, போவதாக இருந்தால்:

• இழக்கத் தயாரான தொகையை முன்பே ஒதுக்குங்கள். ஏடிஎம் கார்டை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

• பாயின்ட் சேர்ப்பதற்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட ஆடாதீர்கள்.

• பிளாக்ஜாக் ஜெயித்தால் 3:2 கொடுக்கும் மேஜையா, 6:5 கொடுக்கும் மேஜையா என்று பாருங்கள். 6:5 என்றால் மேலே போட்ட கணக்கு செல்லாது.

• வாங்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் டிப்ஸ் வையுங்கள்.

• உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சூதாட்டப் பழக்கம் இருந்திருந்தால், இந்த ஆஃபர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். காசு கொடுத்து வேறு ஊரில் ரூம் போடுவதுதான் உங்களுக்கு லாபம்.