லேடி இன் சாட்டின்

லேடி இன் சாட்டின் என்பது அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே (1915–1959) பாடிய இசைத்தொகுப்பு ஆகும். 1958ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, அதே ஆண்டில் கொலம்பியா நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இசையமைப்பை ஒழுங்குபடுத்தி இசைக்குழுவை நடத்தியவர் ரே எல்லிஸ். இது வெளிவந்த ஏறத்தாழ ஓராண்டில் ஹாலிடே தமது 44ஆம் வயதில் காலமானார். குரல் நைந்துபோன நிலையில் அவர் பாடிய இத்தொகுப்பு, பாட்டின் சிறப்பு குரல்வளத்தில் உள்ளதா, பாடும் முறையில் உள்ளதா என்ற விவாதத்தை இன்றும் எழுப்புகிறது.

பின்னணி

ஹாலிடே 1933இல் முதன்முதலாக இசைத்தட்டில் பாடினார். 1935 முதல் பியானோ கலைஞர் டெடி வில்சனின் சிறு குழுக்களுடன் பாடிய தட்டுகள் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தன. ‘லேடி டே’ என்ற செல்லப்பெயரைச் சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங் சூட்டினார். இத்தொகுப்பின் தலைப்பில் உள்ள ‘லேடி’ அப்பெயரை நினைவூட்டுகிறது. ‘சாட்டின்’ என்பது பளபளப்பும் வழவழப்பும் உள்ள துணிவகை.

இளமையிலும் அவருடையது பெரிய குரல் அன்று. மேலே உயர்ந்தும் கீழே இறங்கியும் பாடக்கூடிய எல்லை குறுகியது. அக்குறையை அவர் வேறு வழியில் ஈடுசெய்தார். மெட்டின் சுரங்களைக் குறைத்து எளிமையாக்கினார். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சொற்களை உச்சரித்தார். பேச்சில் அழுத்தம் எங்கு விழுமோ அங்கேயே பாட்டிலும் அழுத்தம் தந்தார்.

போதைப்பொருள் வழக்கில் 1947இல் சிறை சென்ற அவர், மறு ஆண்டு விடுதலையானார். ஆனால் நியூயார்க்கில் மது விற்கும் இசைக்கூடங்களில் பாடுவதற்கான அனுமதி அட்டை அவருக்கு மறுக்கப்பட்டது. அதனால் அந்நகரின் இரவு விடுதிகளில் பாடிச் சம்பாதிக்கும் வழி அடைபட்டது. போதையும் மதுவும் உடலைக் கெடுத்தன. 1950களின் நடுப்பகுதியில் குரலில் கரகரப்பும் நடுக்கமும் வெளிப்படையாகத் தெரிந்தன.

பாடல்கள்

இத்தொகுப்பில் உள்ளவை ‘ஸ்டாண்டர்ட்’ எனப்படும் வகையைச் சேர்ந்த பாடல்கள். பிராட்வே இசை நாடகங்களுக்காகவும் திரைப்படங்களுக்காகவும் இசைத்தட்டுகளுக்காகவும் எழுதப்பட்டு, பின்னர் பல கலைஞர்களால் திரும்பத் திரும்பப் பாடப்பட்டு நிலைத்தவற்றையே ஜாஸ் உலகம் இப்பெயரால் அழைக்கிறது. மெட்டும் சொற்களும் கேட்பவருக்கு முன்பே பழகியவை. எனவே, இந்தப் பாடகர் இதை எப்படிப் பாடுகிறார் என்பதே கேள்வியாகிறது.

முதல் பாடலான ‘ஐம் எ ஃபூல் டு வான்ட் யூ’வை எழுதியவர்களுள் ஒருவர் பிராங்க் சினாட்ரா. அவரே அதை 1951இல் பாடி வெளியிட்டிருந்தார். ‘ஐ கெட் அலாங் விதவுட் யூ வெரி வெல்’ ஹோகி கார்மைக்கேல் இசையமைத்தது. ‘கிளாட் டு பி அன்ஹாப்பி’, ‘இட்ஸ் ஈசி டு ரிமெம்பர்’ ஆகியவை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், லாரன்ஸ் ஹார்ட் இணையரின் படைப்புகள். பெரும்பாலானவை பிரிவையும் கைகூடாத காதலையும் பேசுபவை.

ஒலிப்பதிவு

ஹாலிடே அதற்கு முந்தைய ஆண்டுகளில் சிறு ஜாஸ் குழுக்களுடனேயே பெரும்பாலும் பதிவு செய்துவந்தார். இம்முறை வயலின் முதலான நரம்புக் கருவிகள் நிறைந்த பெரிய இசைக்குழு வேண்டும் என விரும்பினார். எல்லிஸின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு அவரைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. நரம்புக் கருவிகள் அவருக்குப் புதியவை அல்ல. 1944இல் டெக்கா நிறுவனத்துக்காகப் பாடிய ‘லவர் மேன்’ பாடலிலும் அவை இடம்பெற்றிருந்தன. இத்தொகுப்பில் பின்னணிக் குரல்களும் உண்டு. ஜே. ஜே. ஜான்சன், அர்பி கிரீன் ஆகியோர் டிராம்போன் வாசித்தனர்.

இசைக்குழு சுருதி பிசகாமல், சீரான தாளத்தில், வழவழப்பாகச் செல்கிறது. அதன்மேல் வரும் குரலோ வறண்டது. நீண்ட சுரங்களை அது தாங்கிப் பிடிப்பதில்லை. நடுங்கித் தாழ விடுகிறது. சில வரிகள் ஏறக்குறைய பேச்சாகவே ஒலிக்கின்றன. ஆனால் சொல்லைத் தாமதித்து வைக்கும் பழைய நுட்பம் சிறிதும் குறையவில்லை. பின்னணியின் மென்மை குரலின் சிதைவை மறைக்காமல் மேலும் துலக்கிக் காட்டுகிறது.

வரவேற்பு

கருத்துகள் தொடக்கத்திலிருந்தே இருவகைப்பட்டன. அழிந்த குரலைக் கேட்பது வேதனை தருகிறது என்றும், இசையமைப்பு அளவுக்கு மீறி இனிக்கிறது என்றும் ஒரு சாரார் குறை கூறினர். அவருடைய பாடல்களில் மிக ஆழமானவை இவையே என்பது மறு சாராரின் கருத்து. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1958இல் அளித்த பேட்டி ஒன்றில், ஹாலிடேயின் பழைய பாட்டைவிட அப்போதைய பாட்டையே தாம் விரும்புவதாகத் தெரிவித்தார்.

எல்லிஸே இரு நிலைகளிலும் இருந்தவர். பதிவின்போது ஹாலிடேயின் பாட்டில் அவருக்கு நிறைவில்லை. முடிந்த பதிவைப் பின்னர் கேட்டபோதுதான், தாம் இசைப் பிழைகளை மட்டுமே கவனித்ததையும் உணர்ச்சியைத் தவறவிட்டதையும் உணர்ந்ததாக அவர் கூறியுள்ளார்.

1959ஆம் ஆண்டு மார்ச்சில் எல்லிஸுடன் மேலும் ஒரு தொகுப்பை ஹாலிடே பதிவு செய்தார். அவ்வாண்டு ஜூலை 17 அன்று அவர் இறந்த பின்னரே அது வெளியானது.