மூன்றாண்டு காத்திருக்கும் வேர்

நாட்டு மருந்துக் கடையின் அடுக்குகளில் கோஷ்டம், கடுகுரோகிணி, அதிவிடயம் என்ற பெயர்களை நாம் கண்டிருப்போம். அந்த வேர்கள் சமவெளியில் விளைவன அல்ல. மூன்றும் இமயத்தின் உயர்ந்த சரிவுகளுக்கு உரியவை. அவை நம் கைக்கு வந்து சேரும் வழியை அறிந்தால், ஒரு சிறு வேருக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பொறுமை இருக்கிறது என்பது விளங்கும்.

இமயத்துக்கு அப்பால் உள்ள லடாக்கில் மூலிகை மருத்துவரை 'அம்ச்சி' என்று அழைப்பர். அவர்களுடைய சோவா-ரிக்பா மருத்துவ முறைக்கு 2010இல் நடுவண் அரசின் சட்ட ஏற்பு கிடைத்தது. பல குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு இக்கல்வி வழிவழியாக வந்தது. மரபுப்படி அம்ச்சி நோயாளியிடம் கட்டணம் கேட்டதில்லை. ஊரார் அறுவடையில் தானியம் அளந்தனர்; அவருடைய வயலில் உழைத்தும் கொடுத்தனர். அதனால்தான் கோடையில் அவரால் மலைக்கணவாய்களுக்குச் சென்று மூலிகை சேகரிக்க முடிந்தது.

அச்சேகரிப்புக்கு நெறி உண்டு. பூவும் இலையும் கோடையில். வேர், விதை உதிர்ந்த பின் இலையுதிர்காலத்தில். குளிர்ச்சி தரும் மருந்தை நிழலிலும் வெப்பம் தருவதை வெயிலிலும் உலர்த்துவர். விதை உதிரும்வரை காத்திருப்பதால் அடுத்த தலைமுறைச் செடிக்கும் இடம் கிடைக்கிறது.

பணப் பொருளாதாரம் பரவியபோது ஊராரின் உழைப்புதவி குறைந்தது. மலையேற நேரமின்றி, மூலிகையை வணிகரிடம் விலைக்கு வாங்கும் நிலை பல அம்ச்சிகளுக்கு ஏற்பட்டது. மறுபுறம், நாடெங்கும் மருந்து நிறுவனங்களின் தேவை பெருகியது. இலையைப் பறித்தால் செடி மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் உடன்படிக்கையில் 1985 முதல் கோஷ்டம் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. 1997இல் கடுகுரோகிணியும் சடாமாஞ்சிலும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

வயலில் வளர்ப்பதே இதற்குத் தீர்வு. லடாக்கை அடுத்த இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கு உழவர்கள் 1920களிலிருந்தே கோஷ்டத்தைப் பயிரிட்டு வருகின்றனர். ஆனால் வேர் முற்ற இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலத்திலிருந்து வருவாய் இராது. முதல் ஆண்டே தவணை கட்ட வேண்டிய கடனை உழவர் வாங்கிவிட்டால், முற்றாத வேரைத் தோண்டி விற்கத் தூண்டப்படுவார். எடையும் குறையும், மருந்தின் வீரியமும் குறையும், கடனும் தீராது.

ஆகவே மூலிகைச் சாகுபடியில் இறங்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு நாம் கூறுவது இதுவே. நிலத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஆண்டுக்கொரு பகுதியில் நடுங்கள். நான்காம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதி அறுவடைக்கு வரும். மற்ற வயலில் வழக்கமான பயிரை விடாதீர்கள். நடுவதற்கு முன்பே வாங்குவோரை உறுதி செய்யுங்கள். அறுவடைக் காலத்தை ஒட்டித் தவணைகளை அமைக்க முடியுமா என்று கிளை மேலாளரிடம் முதலிலேயே கேளுங்கள். கோஷ்டம் போன்ற பாதுகாக்கப்பட்ட செடிக்கு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாகுபடி உரிமம் தேவை. 2000இல் நிறுவப்பட்ட தேசிய மருத்துவத் தாவர வாரியமும் மாநில அமைப்புகளும் வழிகாட்டும்.

வாங்குவோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை கோஷ்டம் வாங்கும்போது, அது வயலில் விளைந்ததா, காட்டில் தோண்டியதா என்று கடைக்காரரிடம் கேட்போம். அவருக்கு உடனே விடை தெரியாமற்போகலாம். பலரும் கேட்கத் தொடங்கினால், அவரும் தமக்குச் சரக்கு அனுப்புபவரிடம் கேட்பார்.