சிப்பிப்பாறை நாயை எங்கே அவிழ்த்துவிடுவது?

சங்கிலி இல்லாம நாயை ஓடவிட நம்ம பக்கம் இடம் இருக்கான்னு கேட்டிருந்தீங்க. ஹைதராபாத் கொண்டாப்பூரில் 2018லேயே மாநகராட்சி நாய்ப் பூங்கா திறந்துவிட்டது. விருதுநகர், சிவகாசியில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் 2005இல் தபால்தலையில் வந்த ராஜபாளையமும், முயல் விரட்டவே வளர்த்த சிப்பிப்பாறையும் நம்ம ஊர் நாய்கள்! தெருவில் நடை மட்டும் அதுகளுக்குப் பத்தாது.

நான் தேடுவது தண்ணி வத்தின கண்மாய். கரையில் ஏறி நின்னா ஆடு மேயுதா, மயில் நிக்குதான்னு தெரிஞ்சுடும். சீமைக்கருவேலம் மண்டியிருந்தா வேண்டாம். முள்ளும் குத்தும், நாயும் கண்ணுக்குத் தெரியாது. மயிலையோ முயலையோ பிடிச்சா வனவிலங்குச் சட்டப்படி வழக்கு வரும், நாய் மேல இல்ல, உங்க மேல. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் 2021 முதல் புலிகள் காப்பகம். அந்தப் பக்கமே போகாதீங்க.

பெரிய சிக்கல் பட்டாசு. ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டல்லதான் ஆலைகளும் இருக்கு. சிப்பிப்பாறை ஊர்ப்பக்கமே இருக்கு. திடீர்னு ஒரு வெடிச்சத்தம் கேட்டா, நல்லாப் பழகின நாய்கூட மிரண்டு ஓடும், கூப்பிட்டாலும் நிக்காது. அதனால தீபாவளி நெருங்கினா நான் கண்மாய்க்கே போறதில்லை. தெரிஞ்சவர் தோப்பு, சுத்தி வேலி, விடியற்காலை ஆறு மணி. கழுத்துப்பட்டையில் போன் நம்பரும் இருக்கும்.