கூலி என்பது ஆளா, சம்பளமா?

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் கார்த்திகை பிறந்தால் காப்பிப் பழம் பறிப்பு சூடுபிடிக்கும். சிவந்த பழமாகப் பார்த்துக் கிள்ளி, பையை நிரப்பி, சாயங்காலம் எடை போடக் கொண்டுவருவார்கள். ‘கிலோவுக்கு என்ன கூலி?’ என்பதுதான் அங்கே பேச்சு. ‘நான் கூலி’ என்று யாரும் சொல்வதில்லை, ‘கூலிக்குப் போறேன்’ என்பார்கள். கூலி, உழைப்புக்குக் கிடைப்பது. உழைப்பவர் கூலியாள். வள்ளுவரும் 619ஆம் குறளில் இந்தப் பொருளில்தான் ஆள்கிறார்.

ஜெர்மனியில் ‘கூலி’ என்றால் ஆள். அதுவும் ஏளனமாக: அற்பக் காசுக்கு மாடாய் உழைப்பவன். முதல் உலகப் போரில் கப்பற்படை மாலுமிகள் பட்ட பாட்டை நாவலாக்கிய தியோடோர் ப்ளீவியே, அதற்கு ‘கைசரின் கூலிகள்’ என்றே பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், ஹாம்பர்க்கில் 1928இல் பிறந்த ரோட்ரிங் நிறுவனம் தன் பேனாவுக்கு ‘டின்டன்கூலி’, அதாவது மைக்கூலி என்று பெயரிட்டது. பின்னால் பால்பாயின்ட் பேனாவும் ‘கூலி’ ஆயிற்று. இன்று ஜெர்மன் மாணவன் ‘கூலி இருக்கா?’ என்று கேட்டால் பேனா கேட்கிறான், அவ்வளவுதான்.

ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்குப் போன சொல் இது. அதற்கு முந்தைய வேர்தான் சர்ச்சையில் இருக்கிறது. குஜராத்தின் கோலி சமூகத்தாரின் பெயரே மூலம் என்பது ஒரு கட்சி. தமிழ்க் கூலியே மூலம் என்றார் சமஸ்கிருத அறிஞர் எச்.எச். வில்சன். 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இரண்டையும் பதிவு செய்திருக்கிறது. வேர் கோலியாகவே இருக்கட்டும். சொல் பரவியதில் தமிழுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

காரணம், சொல்லோடு ஆட்களும் போனார்கள். சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் மொரீஷியஸ் கரும்புக்கும் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து, இன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிப்போனது. துரைமாரின் பேச்சிலும் ஏட்டிலும் அவர்கள் எல்லோரும் ‘கூலி’. தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது இந்தியரை இழிக்கும் வசைச்சொல்.

நம் ஊரில் மட்டும் என்ன? 2025இல் வந்த ரஜினியின் ‘கூலி’ படத் தலைப்பு சம்பளத்தைச் சொல்லவில்லை, ஆளைத்தான் சொல்கிறது. அது வள்ளுவரின் கூலி அல்ல, கப்பலேறிப் போய்த் திரும்பி வந்த கூலி.