உப்புக்காற்றும் பச்சைக்கம்பியும்

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சுட்டும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர். உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றச்செய்து உப்பு விளைவிக்கும் தொழில் இங்கு இன்றும் நடைபெறுகிறது. இவ்வூர்க் காற்றிலும் உப்பு கலந்திருப்பதால் சன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் விரைவில் துருவேறுகின்றன. அத்துரு கண்ணுக்குத் தெரியும். குளியலறைச் சுவரில் மாட்டிய வெந்நீர்க் கொதிகலனின் மின்னிணைப்பை அதே காற்று அரிப்பதோ தெரிவதில்லை.

2,000 வாட் திறனுள்ள கொதிகலன் 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். அதற்கு 16 ஆம்பியர் செருகியும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் வேண்டும். கட்டடக் கம்பிகளுள் சிவப்பு மின்னோட்டக் கம்பி. கறுப்பு நடுநிலைக் கம்பி. பச்சை புவி இணைப்புக் கம்பி. கருவியோடு வரும் வடத்தில் முறையே பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. மும்முனை இணைப்புள்ள பழைய கட்டடங்களில் நீலம், மின்னோட்டம் பாயும் முனைகளுள் ஒன்றன் நிறம். வடத்திலோ அது நடுநிலை. இவ்வேறுபாடு அறியாது இடம் மாற்றி இணைத்தால், கொதிகலனின் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி நடுநிலையைத் துண்டிக்கும். வெப்பச்சுருளில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும்.

இதனினும் கொடியது, பச்சைக் கம்பி இல்லாத வீடுகளில் செருகிப் பெட்டிக்குள்ளேயே நடுநிலையைப் புவி முனையோடு இணைத்துவிடும் வழக்கம். வெளியே நடுநிலைக் கம்பி அறுந்துவிட்டால், வெப்பச்சுருள் வழியே வரும் மின்னழுத்தம் கொதிகலனின் உலோக உடலுக்கு வந்துசேரும்.

பச்சைக் கம்பி சரியாக இணைக்கப்பட்ட வீட்டிலும் இடர் முற்றும் நீங்கிவிடாது. பிற ஊர்களில் புவி இணைப்புக் குழியில் கரியும் உப்பும் இட்டு நீரூற்றி மண்ணின் மின்தடையைக் குறைப்பர். மரக்காணத்து மண்ணுக்கு அந்த உப்புச் செலவு பெரும்பாலும் மிச்சம். ஆயின், மண்ணுக்கு நன்மை செய்யும் உப்பு, செப்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் சேரும் இடத்தைச் சிதைக்கிறது. 1800ஆம் ஆண்டில் வோல்டா இரு வேறு உலோகத் தட்டுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தே மின்கல அடுக்கை அமைத்தார். ஈர உப்பு படிந்த அவ்விணைப்பும் யாரும் கேளாமல் அமைந்த ஒரு மின்கலமே. அதில் முதலில் துத்தநாகமும் பின்னர் இரும்பும் கரைகின்றன. கொதிகலன் தொட்டிக்குள் வைக்கப்படும் மக்னீசியத் தண்டும் இவ்வாறே தான் கரைந்து தொட்டியைக் காக்கிறது. அது தீர்ந்தபின் உவர்நீர் அரிப்பதைத் தடுப்பார் இல்லை.

அரிப்பினால் இணைப்பின் மின்தடை உயர்கிறது. மின்னோட்டக் கம்பி உலோக உடலைத் தொட்டதாகக் கொள்வோம். பாதையின் மொத்தத் தடை 5 ஓம் எனில் 46 ஆம்பியர் பாய்ந்து மின்னுருகி உருகும். தடை 20 ஓமாக உயர்ந்துவிட்டால் பாய்வது 11.5 ஆம்பியரே. 16 ஆம்பியர் மின்னுருகி அதைத் தாங்கி நிற்கும். உடலில் மின்னழுத்தமும் நிலைத்திருக்கும். நீரோ வழக்கம்போலச் சுடும். பச்சைக் கம்பி அறுந்தே போனாலும் நீர் சுடுவது நிற்பதில்லை. எனவே எவரும் ஐயுறார்.

சோதனைக்கென மின்னோட்ட முனைக்கும் புவி முனைக்கும் இடையே 100 வாட் குமிழ்விளக்கை எரித்துப் பார்ப்பர். அவ்விளக்கின் தடை எரியும்போது 529 ஓம். அதனோடு 20 ஓம் சேர்ந்தால் ஒளியில் வேறுபாடு புலப்படாது. புவித்தடை அளவியைக் கொண்டு அளப்பதே முறை. முதன்மைச் சாளியை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளர் இணைப்பைப் பிரித்து, துருவைச் சுரண்டி, ஈயம் பூசிய செப்பு முனையை இறுக்கி, காற்றுப் படாதவாறு பசை பூச வேண்டும். தேய்ந்த குழாயை மாற்றுவதே நன்று.

இவற்றோடு 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் வேண்டும். செல்லும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது உணர்ந்து நொடிக்குள் துண்டிக்கும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். அப்பொத்தான் தடுப்பானை மட்டுமே சோதிக்கும். சுவருக்கு வெளியே உப்புக்காற்றில் நிற்கும் பச்சைக் கம்பியின் முடிச்சைத் தனியே பார்க்க வேண்டும்.