மேட்டுல போடுங்கம்மா!

எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர், சீட்டு போட்டுச் சேர்த்த பணத்தில், ஆளுக்கொரு முதுகுப்பையோடு, சென்னையிலிருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் வேனில் கிளம்பினோம். மரக்காணம் உப்பளம், சவுக்குத் தோப்பு என வழியெல்லாம் கொள்ளை அழகு!

தரங்கம்பாடியில், 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்துவிட்டு, ராத்திரி தங்க, கடலோரம் டென்ட் போட இடம் தேடினோம். மீன் விற்கும் பாட்டி ஒருவர் வேகமாக வந்து, 'இன்னிக்கு பவுர்ணமி. தண்ணி மேல ஏறும். எங்க வீட்டுப் பக்கம், மேட்டுல போடுங்கம்மா...' என்றார். 2004 சுனாமியில் பேத்தியைப் பறிகொடுத்தவராம். நாங்கள் முதலில் பார்த்து வைத்த இடம் வரை, அன்று ராத்திரி அலை வந்து போனது!

தோழியரே... கடலோரம் தங்கப் போனால், உள்ளூர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் பட்ட பாடு, நமக்குப் பாடம்!